காட்டை வெட்டாமல் விட்டால் காசு: கார்பன் பணம் எப்போது ஊருக்கு உதவும்?

கென்யாவின் மொம்பாசா நகரத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் காஸி என்ற மீனவ ஊர் வரும். பக்கத்திலேயே மகொங்கேனி. இரண்டு ஊருக்கும் முன்னால் விரிகுடா முழுக்க அலையாத்திக் காடு. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு, கால் ஊன்றினாற்போல் வேர்களைச் சேற்றில் இறக்கி நிற்கும் சுரபுன்னை மரம் தெரிந்திருக்கும், காஸியில் அதிகம் இருப்பதும் அதே வகை மரம்தான். 1970களில் செங்கல் சூளைக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் விறகுக்காக அந்தக் காட்டில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் கென்யாவின் கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து கன்று நட ஆரம்பித்தார்கள். அப்புறம் 2013ல் ஒரு புது வேலை தொடங்கியது. 117 ஹெக்டேர் காட்டை ஊரே காவல் காக்கும், அதனால் ஆண்டுக்கு சுமார் 3,000 டன் கரியமில வாயு காற்றில் கலக்காமல் இருக்கும், அந்த 3,000 டன்னை வெளிநாட்டில் விற்கலாம். அதில் வந்த காசு காஸியிலும் மகொங்கேனியிலும் குடிநீர்க் குழாயாகவும் பள்ளிக்கூடப் புத்தகமாகவும் மாறியது.

இந்தத் திட்டத்துக்கு மிக்கோக்கோ பமோஜா என்று பெயர். சுவாஹிலி மொழியில் மிக்கோக்கோ என்றால் அலையாத்தி, பமோஜா என்றால் சேர்ந்து. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் தரும் ஈக்வேட்டர் பரிசை 2017ல் வாங்கியது. இது நன்றாக நடக்கிறது, ஆனால் இதே மாதிரி தொடங்கிய எத்தனையோ திட்டங்கள் வேறு ஊர்களில் தோற்றுப்போயிருக்கின்றன, சில இடங்களில் ஊரையே இரண்டாக உடைத்திருக்கின்றன. கார்பன் பணம் காட்டையும் காட்டோரத்து மக்களையும் எப்போது தாங்கும், எப்போது தாங்காது என்பதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் விற்பது என்ன என்று தெளிவாகிவிட வேண்டும். மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கார்பனைத் தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அந்த மரத்தை எரித்தாலோ மக்கவிட்டாலோ கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து மறுபடி வாயுவாகிவிடும், அப்போது ஒரு டன் கார்பன் சுமார் 3.67 டன் கரியமில வாயுவாகிறது. அதாவது காய்ந்த எடையில் ஒரு டன் தேறும் மரத்தை எரித்தால் ஒன்றே முக்கால் டன்னுக்கும் மேலே வாயு கிளம்பும். உலகம் முழுக்க மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிக் காட்டையும் நிலத்தையும் அழிப்பதால் வருகிறது. அதைக் குறைக்க வளரும் நாடுகளுக்குப் பணம் கொடுத்தால் என்ன என்று 2005ல் மொன்றியால் பருவநிலை மாநாட்டில் பப்புவா நியூ கினியாவும் கோஸ்டா ரிக்காவும் கேட்டன. அந்த யோசனை 2007ல் பாலி மாநாட்டில் ஏற்கப்பட்டு, பிறகு ரெட் பிளஸ் என்ற பெயரோடு பெரிய ஏற்பாடாக வளர்ந்தது. அரசாங்கங்களுக்குள் நடக்கும் இந்த ஏற்பாடு ஒரு பக்கம். நிறுவனங்களும் தனி ஆட்களும் தங்கள் விருப்பத்தில் வாங்கும் சந்தை இன்னொரு பக்கம். இரண்டிலும் அளவு ஒன்றுதான்: ஒரு டன் கரியமில வாயு தவிர்க்கப்பட்டால் அல்லது உறிஞ்சப்பட்டால் ஒரு கார்பன் கிரெடிட்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, எல்லாத் தகராறும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. காடு இருப்பதற்காக யாரும் கிரெடிட் தருவதில்லை. "இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இந்தக் காட்டில் இவ்வளவு அழிந்திருக்கும், திட்டம் வந்ததால் அழியவில்லை" என்று காட்டினால்தான் கிரெடிட். நடக்காத ஒன்றை எப்படி அளப்பது? பக்கத்தில் அதே மாதிரியான காடுகளில் என்ன நடந்தது, கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் எந்த வேகத்தில் மரம் குறைந்தது என்றெல்லாம் பார்த்து ஓர் ஊகம் போடுகிறார்கள். அந்த ஊகக் கோட்டுக்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள இடைவெளிதான் விற்பனைச் சரக்கு. கோட்டை எவ்வளவு உயர்த்திப் போடுகிறோமோ அவ்வளவு சரக்கு, அவ்வளவு காசு. கோட்டைப் போடுகிறவருக்கே காசும் போகிறது என்றால் அது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

ஜிம்பாப்வேயில் கரிபா ஏரியின் தென்கரையில் சுமார் 7,85,000 ஹெக்டேரில் 2011ல் தொடங்கிய பெரிய திட்டம் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. திட்டம் இல்லாவிட்டால் அழிந்திருக்கும் என்று காட்டிய பரப்பு, அதே மாதிரியான பக்கத்துப் பகுதிகளில் உண்மையில் அழிந்ததைவிட மிக அதிகம் என்று தெரியவந்தது, கடைசியில் 2023ல் கிரெடிட்டை விற்றுவந்த சுவிஸ் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே வருடம் சயின்ஸ் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, ஆறு நாடுகளில் 26 திட்டங்களைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று சொன்னது. தகவல் கிடைத்த 18 திட்டங்கள் 2020க்குள் தருவதாகச் சொன்ன கிரெடிட்டுகளில் சுமார் 6 சதவீதத்துக்குத்தான் உண்மையான குறைவு பின்னணியில் இருந்தது. இந்த ஆய்வின் முறையைத் திட்டக்காரர்கள் மறுத்தார்கள், விவாதம் நீண்டது. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. கணக்கு பொய்த்தால் வாங்குகிறவர் நம்பிக்கை இழப்பார், விலை விழும், கடைசியில் அடிபடுவது காட்டோரத்து ஊர்தான்.

சரி, இப்போது நல்ல பக்கத்துக்கு வருவோம். எங்கே இது வேலை செய்கிறது?

காட்டை அழிப்பது யார், எதற்காக என்பதைப் பொறுத்துத்தான் பாதிக்கும் மேல் முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். விறகு, கரி, மேய்ச்சல், கவனக்குறைவால் பரவும் தீ என்று சின்னச் சின்னக் காரணங்களால் காடு தேய்கிற இடத்தில், கொஞ்சம் பணமும் கொஞ்சம் ஏற்பாடும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும். மேகாலயாவின் காசி மலையைப் பாருங்கள் (கென்யாவின் காஸி வேறு, இது வேறு). உமியம் ஆற்றின் மேற்பகுதியில் ஹிமா என்று அழைக்கப்படும் பத்து பாரம்பரிய ஆட்சிப் பிரிவுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்து, 62 கிராமங்கள், சுமார் 27,000 ஹெக்டேர் பரப்பில் ஒரு கார்பன் திட்டத்தை நடத்துகின்றன. 2013ல் பிளான் விவோ என்ற தரச்சான்று கிடைத்தது. இந்தியாவில் சமூகம் நடத்தும் ரெட் பிளஸ் திட்டங்களில் இதுதான் முன்னோடி. அங்கே காட்டைத் தின்றது வறண்ட மாதங்களில் வருகிற தரைத்தீ, கரி சுடுவது, விறகு, மேய்ச்சல், கல் உடைப்பது இவைதான். அதற்கு என்ன செய்தார்கள்? தீ தாண்டாதபடி காட்டோரத்தில் செடிகொடியைச் சுத்தம் செய்து தடுப்புப் பட்டை போட்டார்கள், ஊர் இளைஞர்களைத் தீக்காவலுக்கு வைத்தார்கள், விறகு கொஞ்சமாகப் பிடிக்கும் அடுப்பு கொடுத்தார்கள், காட்டில் மேயும் கால்நடைக்குப் பதிலாக வீட்டிலேயே வளர்க்கக்கூடிய பன்றி, கோழிக்கு மாற உதவினார்கள். தீயும் மேய்ச்சலும் நின்றால் வெட்டுண்ட அடிமரம் தானே துளிர்க்கும், பெரிய செலவில் நாற்று நடக்கூடத் தேவையில்லை. இதெல்லாம் கார்பன் காசின் கைக்கு எட்டுகிற வேலை.

இதற்கு நேர் எதிராக பிரேசில். ரொண்டோனியா மாநிலத்தில் வாழும் பைத்தெர் சுருயி பழங்குடியினர் தங்கள் நிலத்தில் மரம் வெட்டுவதை நிறுத்தி, கிரெடிட் விற்கத் தொடங்கினார்கள். அமேசானில் பழங்குடிச் சமூகம் ஒன்று தானே முன்னின்று நடத்திய முதல் திட்டம் அதுதான். 2013ல் நாத்துரா என்ற பிரேசில் அழகுசாதன நிறுவனம் 1,20,000 டன் வாங்கியது. உலகமே கைதட்டியது. ஆனால் அந்த நிலத்துக்கு அடியில் தங்கமும் வைரமும் இருந்தன. சட்டவிரோதச் சுரங்கக்காரர்கள் புகுந்தார்கள், மரக்கடத்தலும் திரும்பி வந்தது, சமூகத்துக்குள்ளும் பிளவு. காடழிப்பு கட்டுமீறிப் போனதால் 2018ல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மக்கள் சரியாக நடத்தவில்லை என்று சொல்வது அநியாயம் என்று நினைக்கிறேன். தங்கத்தோடு போட்டி போடும் விலை கார்பனுக்கு இல்லை, சுரங்கக்காரர்களை வெளியேற்ற வேண்டிய போலீஸ் வேலையை கிரெடிட் விற்ற காசால் செய்யவும் முடியாது. அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும். சுமத்ராவிலும் போர்னியோவிலும் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்துக்காகக் காட்டைக் கேட்கும் இடங்களிலும் இதே கதைதான், ஒரு ஹெக்டேர் செம்பனை தரும் வருமானத்துக்குப் பக்கத்தில்கூட கார்பன் வராது.

அடுத்த கேள்வி, காடு யாருடையது. காசி மலையில் பெரும்பாலான காடு அரசுடையது இல்லை, குலங்களுக்கும் ஊர்களுக்கும் சொந்தம், அரசமைப்பின் ஆறாவது அட்டவணை அந்த மரபுக்குப் பாதுகாப்பு தருகிறது. மௌஃப்லாங்கில் இருக்கும் புனிதக் காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துக்கொண்டு வெளியே வரக்கூடாது என்பது ஊர் நம்பிக்கை. கார்பன் என்ற சொல் காதில் விழுவதற்குப் பல தலைமுறை முன்பே அங்கே காட்டுக்குச் சட்டமும் இருந்தது, சட்டத்தை மீறியவரைக் கூப்பிட்டுக் கேட்கும் சபையும் இருந்தது. பணம் வந்து சேர்ந்தது அதன் மேல்தான். தான்சானியாவின் யாயிடா பள்ளத்தாக்கில் வேட்டையாடியும் தேனும் கிழங்கும் சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களுக்கு 2011ல் மரபுவழி நில உரிமைச் சான்று கிடைத்தது. கார்பன் வருமானம் நிலைத்தது அந்தச் சான்றின் பலத்தில்தான், உரிமைச் சீட்டு இல்லாமல் அது வந்திருந்தால் நிலத்தின் மேல் கண்வைத்த வேறு யாராவது தட்டிப் பறித்திருப்பார்கள்.

காஸியில் காடு அரசுடையது. ஆனால் 2005ல் வந்த கென்யாவின் வனச் சட்டம் ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து வனத்துறையோடு சேர்ந்து காட்டைப் பராமரிக்க வழி விட்டது, அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் கிரெடிட்டை ஊர் விற்கிறது. ஆக, முழுச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை, யாரும் கேள்வி கேட்க முடியாத எழுத்துபூர்வமான உரிமை வேண்டும்.

உரிமை மட்டும் இருந்தும் போதாது என்பதற்கு பப்புவா நியூ கினியா. அங்கே நிலத்தில் ஏறக்குறைய 97 சதவீதம் மரபுப்படி மக்களுக்கே சொந்தம். அப்படியும் 2009 வாக்கில், நாட்டில் இதற்கென ஒரு சட்டம் வருவதற்கு முன்னாலேயே, தரகர்கள் ஊர் ஊராகப் போய் காற்றிலிருந்து காசு வரும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவர்களைக் கார்பன் கௌபாய்கள் என்றே எழுதின. எதை விற்கிறோம், எத்தனை வருடத்துக்கு விற்கிறோம் என்று தெரியாமல் போடுகிற கையெழுத்து எப்படி ஒப்புதலாகும்? ஊர் முழுக்க உட்கார்ந்து, தன் மொழியில் கேட்டு, வேண்டாம் என்று சொல்லவும் வாய்ப்பு இருந்து, அதற்குப் பிறகு சொல்கிற சரிதான் சரி.

பணத்தின் அளவையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. காஸியில் ஆரம்ப வருடங்களில் ஆண்டுக்குச் சுமார் 12,000 முதல் 15,000 டாலர் வந்தது. 3,000 டன்னால் வகுத்தால் டன்னுக்கு நாலைந்து டாலர். இரண்டு ஊரிலும் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தலைக்குப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்குச் சில டாலர்தான், ஒரு வாரச் சமையலுக்குக்கூடக் காணாது. அதனால் அவர்கள் பிரிக்கவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு, இந்த வருடம் தண்ணீரா, பள்ளிக்கூடமா என்று பேசி முடிவெடுத்துப் பொது வேலைக்குச் செலவழிக்கிறார்கள். சின்னத் தொகையை முழுதாக வைத்திருந்ததால்தான் அது கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக மாறியது. கார்பன் வந்தால் வறுமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீன் பிடிப்பவர் மீன் பிடித்துக்கொண்டேதான் இருப்பார், பயிர் செய்பவர் பயிர் செய்துகொண்டேதான் இருப்பார்.

வந்த பணத்தை ஊருக்குள் யாருக்கு எவ்வளவு என்பதில் நேபாளம் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே 1993ல் வந்த வனச் சட்டம் வழி விட்டதால் 22,000க்கும் மேற்பட்ட ஊர்க் குழுக்கள் காட்டை நிர்வகிக்கின்றன. அதில் சித்வன், கோர்க்கா, தோலக்கா மாவட்டங்களின் மூன்று நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் நார்வேயின் உதவிப் பணத்தோடு ஒரு முன்னோட்டம் நடந்தது. ஊர்க்காரர்களே டேப் பிடித்து மார்பளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து கணக்கெடுத்தார்கள். 2011ல் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட குழுக்களுக்குச் சுமார் 95,000 டாலர் கொடுத்தார்கள், அதாவது சராசரியாகக் குழுவுக்கு ஆயிரம் டாலருக்கும் கீழே. பிரித்த விதம்தான் கவனிக்க வேண்டியது. பணத்தில் 40 சதவீதம்தான் கார்பனைப் பார்த்து, மிச்சம் 60 சதவீதம் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து. ஏழைக் குடும்பங்களுக்காக 20, தலித் குடும்பங்களுக்காக 15, பெண்களின் எண்ணிக்கைக்காக 15, பழங்குடியினருக்காக 10. காரணம் எளிது. காட்டை மூடினால் அதிகம் இழப்பது சொந்த நிலமில்லாமல் விறகுக்கும் தீவனத்துக்கும் காட்டையே நம்பியிருக்கும் வீடுதான். தலைச்சுமையாய் விறகு கொண்டுவரும் பெண் இனி இன்னும் இரண்டு மைல் நடக்க வேண்டும் என்றால், அந்த நடைக்குக் கணக்கு வேண்டாமா?

அந்த 40 சதவீதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதில் 16 புதிதாக வளர்ந்த கார்பனுக்கு, 24 ஏற்கெனவே காத்து வைத்திருக்கும் கார்பனுக்கு. சந்தை இப்படி யோசிப்பதில்லை. பாட்டன் காலத்திலிருந்து நன்றாகக் காத்துவந்த ஊரிடம் "உங்கள் காடு எப்படியும் அழிந்திருக்காதே, எதற்குப் பணம்" என்று கேட்கும், வெட்டிக்கொண்டிருந்த ஊர் வெட்டுவதை நிறுத்தினால் அதற்குப் பணம் கொடுக்கும். காலம் காலமாகக் காத்தவருக்கு ஒன்றுமில்லை என்பது மனசுக்கு ஒப்பவே இல்லை, இந்த ஏற்பாட்டில் எனக்கிருக்கும் பெரிய குறை இதுதான். நேபாளம் தன் அளவில் அதைச் சரிசெய்யப் பார்த்தது. அது உதவிப் பணம் என்பதால் முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று கசிவு. இந்தக் காட்டில் வெட்டுவதைத் தடுத்தால் அதே ஆள் அடுத்த காட்டுக்குப் போய் வெட்டுவார் என்றால் காற்றுக்கு என்ன லாபம்? காஸியில் இதற்காகவே சவுக்குத் தோப்பு போட்டார்கள், வீட்டுக் கம்புக்கும் விறகுக்கும் அங்கே வெட்டிக்கொள்ளலாம். வேலி போடுவதைவிட இது எவ்வளவோ மேல், வீடு கட்டக் கம்பு வேண்டும் என்கிற தேவை நியாயமானது, அதற்கு வழி காட்டாமல் தடை மட்டும் போட்டால் ஊரே திட்டத்துக்கு எதிராகத் திரும்பும். இன்னொன்று நிலைத்திருப்பது. இன்று விற்ற கார்பன் நாளைக்கு ஒரு காட்டுத்தீயில் போய்விடலாம், அதனால் கிரெடிட்டில் ஒரு பங்கை விற்காமல் பொது இருப்பில் ஒதுக்கிவைப்பார்கள்.

செலவும் தாமதமும் தனி. அளவெடுப்பு, ஆவணம், வெளித் தணிக்கையாளர், பதிவுக் கட்டணம் என்று முதல் ரூபாய் வருவதற்கு முன்னாலேயே சில வருடம் ஓடிவிடும், கையிலிருந்து பணமும் போயிருக்கும். தனியாக ஒரு கிராமத்தால் இதைத் தாங்க முடியாது. அதனால்தான் காசி மலையில் 62 கிராமம் சேர்ந்தது, காஸிக்கு ஆய்வு நிறுவனமும் பிரிட்டனில் கிரெடிட் விற்றுத்தரும் ஓர் அறக்கட்டளையும் துணை நின்றன. நடுவில் நிற்பவர் நேர்மையானவராக இருந்தால் ஊர் பிழைத்தது. இல்லையென்றால் விற்ற விலை என்ன, ஊருக்கு வந்தது என்ன என்றே தெரியாமல் போகும். நடுவிலிருப்பவர் எடுத்துக்கொள்ளும் பங்கு எத்தனை சதவீதம் என்பது ஊர்ச் சுவரில் எழுதிப்போடுகிற அளவுக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பேன்.

வாங்குகிற நிறுவனம் கிரெடிட்டைக் காட்டித் தன் புகையைக் குறைக்காமல் தப்பிக்கிறதே என்ற கோபம் நியாயமானதுதான். எண்ணெயும் நிலக்கரியும் எரித்து விடும் வாயு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், காட்டின் கார்பன் அவ்வளவு உறுதியாக நிற்காது, இரண்டையும் ஒன்றுக்கொன்று சமம் என்று வைப்பதில் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் காஸியின் தண்ணீர்க் குழாயை அடைக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. புகையைக் குறைக்கும் கடமையைத் தனியாகவும், காட்டைக் காப்பவருக்குக் கொடுக்க வேண்டியதைத் தனியாகவும் வைத்தால் பாதிச் சண்டை தீரும். கோஸ்டா ரிக்கா 1990களின் இறுதியிலிருந்தே பெட்ரோல், டீசல் மீது போட்ட வரியில் ஒரு பங்கை எடுத்துக் காடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவருகிறது, அதற்கு வெளிநாட்டு வாங்குபவரை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இந்தியாவிலும் 2006ன் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கே சமூகக் காட்டின் மேல் உரிமை தருகிறது, மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டத்தின் மேந்தா லேகா கிராமம் 2009ல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு அந்தப் பட்டா வாங்கியது. இப்படிப்பட்ட ஊர்களின் வாசலுக்கு கார்பன் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் கேட்க வேண்டியவை இருக்கின்றன. காட்டைத் தேய்ப்பது எது, அதை இந்தப் பணம் நிறுத்துமா? ஒப்பந்தம் எத்தனை வருடம், காஸி மாதிரி 20 வருடமா, அதற்கும் மேலா, இன்று தொட்டிலில் இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறோமா? விறகும் தேனும் சுள்ளியும் எடுக்கும் உரிமை அப்படியே இருக்குமா? சந்தையில் விலை விழுந்தால் யார் நஷ்டம் தாங்குவது, காட்டில் தீ வந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? வேண்டாம் என்று தோன்றினால் எந்த வருடம் விலகலாம்? இவற்றுக்குப் பதில் தமிழிலோ கோண்டி மொழியிலோ காசி மொழியிலோ, அந்த ஊரின் மொழியில், எழுத்தில் வரும்வரை கூட்டத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கலாம், அதனால் எந்த மரமும் சாய்ந்துவிடாது.